பள்ளிக்கெனத் திரட்டும் பணமும் அதன் கணக்கும்

செஞ்சிக்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட வல்லம் வட்டாரத்துச் சிற்றூர்களில், மல்லாட்டை பிடுங்கி விற்ற கையோடுதான் மக்களிடம் காசு புழங்கும். திருவிழாவிற்கு வரி கொடுப்பது, பழைய கடனைத் தீர்ப்பது, பிள்ளைகளுக்குத் துணிமணி எடுப்பது யாவும் அந்தச் சில வாரங்களுக்குள் நடந்தாக வேண்டும். சில ஆண்டுகளுக்குமுன் அத்தகைய ஒரு பருவத்தில், நான் தாளாளராக இருந்த ஒரு சிறு பள்ளியின் பெற்றோர் ஒன்றுகூடி, மாணவியருக்கெனக் கழிப்பறை கட்டுவது என்று தீர்மானித்தனர். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் மதிய உணவு வேளையோடு வீட்டிற்குப் போய்விடுவதும், போனவர் திரும்பி வாராதிருப்பதும் கண்டு பொறுக்கமாட்டாத தாய்மாரே முதலில் வாய் திறந்தனர். கொத்தனார் கொடுத்த மதிப்பீடு 1,80,000 ரூபாய்.

பொருளாளராக மல்லாட்டை வாங்கி விற்கும் தரகர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். அவருடைய மகளும் அப்பள்ளியில்தான் படித்தாள். தராசில் அவர் கைவைத்தால் மறுநிறுவை வேண்டாம் என்று ஊரார் சொல்வர். ரசீதுப் புத்தகங்களைத் தம் சொந்தச் செலவில் அச்சடித்துக் கொண்டுவந்தார். எனக்கோ அவற்றில் அத்தனை அக்கறை இருக்கவில்லை. "நம்மவர்களுக்குள் ரசீது எதற்கு?" என்று நான் சொன்னதும் உண்டு. வேறொரு வேலையை நானே விரும்பி எடுத்துக்கொண்டேன். பள்ளி வாயிலில் ஒரு கரும்பலகை வைத்து, கொடுத்தவர் பெயரையும் தொகையையும் ஞாயிறுதோறும் எழுதி வந்தேன். மக்களுடைய ஆர்வம் குன்றிவிடலாகாதே என்னும் ஆவலால், தருவதாகச் சொன்னவர் பெயரையும் தந்துவிட்டவர் பெயரோடு சேர்த்தே எழுதினேன்.

மூன்று மாதம் கழித்துக் கணக்கு முடித்தபோது, பலகையில் இருந்த கூட்டுத்தொகை 1,12,650. பொருளாளரின் பெட்டியில் இருந்தது 1,04,150. இடைவெளி 8,500 ரூபாய்.

கூட்டத்தில் ஒருவரும் அவரைத் திருடர் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மறுத்துப் பேசியிருப்பார். "யாவாரப் பணத்தோட கலந்திருக்கும்" என்று ஒருவர் மெல்லச் சொன்னார். மற்றவர் தலைகுனிந்து தரையைப் பார்த்தனர். "நிதானமாகப் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லி நானும் எழுந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் அவர் பங்கு இல்லத்திற்கு வந்து 8,500 ரூபாயை மேசைமீது வைத்துவிட்டுப் போனார். கிடாரிக் கன்று ஒன்றை விற்ற பணம் அது என்பது பின்னரே தெரிந்தது. அடுத்த கல்வியாண்டில் அவர் மகள் எங்கள் பள்ளியில் இல்லை. திண்டிவனத்தில் அத்தை வீட்டில் தங்கிப் படிப்பதாகச் சொன்னார்கள்.

இதன் மிச்சத்தைப் பின்னர் கூறுகிறேன். அதற்குமுன், ஊர் மக்கள் பள்ளிக்கென்று பணமும் பண்டமும் திரட்டியதில் தமிழ்நாட்டிற்கென்று ஒரு வரலாறு இருப்பதை நினைவுகூர்வது பயனுடையது.

கடம்பத்தூரில் நடந்தது

காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காலத்தில், கல்வித் துறையின் இயக்குநராகப் பணியாற்றியவர் நெ. து. சுந்தரவடிவேலு. அந்நாளில் அரசின் கருவூலம் செழிப்பாக இல்லை. பள்ளிகளோ ஆண்டுக்காண்டு பெருகிக்கொண்டிருந்தன. கூரையில்லாத வகுப்பறை, கரும்பலகையில்லாத சுவர், உட்காரப் பலகையில்லாத பிள்ளைகள். இந்நிலையில் எழுந்ததே பள்ளிச் சீரமைப்பு இயக்கம். அதன் முதல் மாநாடு 1958-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் நடைபெற்றது. அதன்பின் மாவட்டந்தோறும் அத்தகைய மாநாடுகள் நடந்தன. பலவற்றிற்கு முதலமைச்சரே நேரில் வந்தார்.

மாநாடு என்றதும் மேடையும் மாலையும் சொற்பொழிவுமே நம் நினைவிற்கு வரும். அவையும் அங்கு இருந்தன. ஆயினும் அவ்வியக்கத்தின் உயிர்நாடி மேடையில் இல்லை. அதற்கு முன்னே ஊர்களில் எழுதப்பட்ட பட்டியலில் இருந்தது. இந்தப் பள்ளிக்கு வேண்டியவை எவை என்று ஆசிரியரும் ஊர்ப் பெரியவரும் கூடி எழுதினர். நாற்காலி, மணி, குடிநீர்ப் பானை, நிலப்படம், பிள்ளைகளுக்குச் சீருடை, கட்டடத்திற்கு நிலம் எனப் பொருள் பொருளாக எழுதினர். "பள்ளிக்கு உதவுங்கள்" என்று பொதுப்படக் கேட்டால் மனிதன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சில்லறையை எடுப்பான். "இந்தப் பள்ளிக்கு ஒரு மணி வேண்டும்" என்று கேட்டால், "அந்த மணி என்னுடையது" என்பான். பிற்காலத்தில் அவன் பேரப்பிள்ளைகளும் அந்த மணியோசையைக் கேட்பர். கணக்கு வைப்பவருக்கும் இதனால் வேலை எளிது. பட்டியலில் இருக்கிறது, பள்ளியில் இருக்கிறதா, இல்லையா? எழுதப்படிக்கத் தெரியாத தாயும் இந்தத் தணிக்கையைச் செய்துவிடுவாள்.

மதிய உணவுத் திட்டத்தின் தொடக்கமும் இவ்வாறே. 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கியபோது அது ஊரார் கொடுத்த அரிசியாலும் பருப்பாலும் விறகாலும் நடந்தது. 1957-இன் பிற்பகுதியில் அரசு மானியம் கொடுக்க முன்வந்தபோது ஓர் உணவின் செலவு பத்து நயா பைசா எனக் கணக்கிடப்பட்டது. அதில் ஆறு பைசாவை அரசு ஏற்றது. நான்கு பைசா ஊரின் பொறுப்பு. தன் ஆறு பைசாவைக் கொடுக்குமுன் அரசு கணக்கைக் கேட்கும். இன்று எத்தனை பிள்ளைகள் உண்டனர், எத்தனை படி அரிசி உலையில் இட்டோம் என்று நாள்தோறும் எழுதி வைக்காத ஊரில் தர்ம சிந்தனை எவ்வளவு இருந்தும் பயனில்லை. அன்பளிப்பாக வந்த அரிசியும் அளந்து எழுதப்பட வேண்டிய அரிசிதான் என்பதை நம் கிராமங்கள் அப்போதே கற்றுக்கொண்டன. நாமோ மறந்துவிட்டோம்.

அரிசி என்றதும் மற்றொன்று. நம் இல்லங்களில் உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் இட்டு வைக்கும் பிடியரிசி வழக்கம் எல்லாச் சமயத்தாரிடையேயும் உண்டு. நாட்டின் மறுகோடியில், மிசோரம் மலைகளில், பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதே பிடியரிசியை வீடு வீடாகச் சேர்த்துத் தங்கள் சபைப் பணிகள் பலவற்றை நடத்தி வருகின்றனர்.

மொய் எழுதுமிடத்தில் இருவர்

கணக்கு என்றால் ஆங்கிலேயர் கொண்டுவந்த சங்கதி என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. திருமண வீட்டில் மொய் எழுதுமிடத்தைப் பாருங்கள். அங்கே ஒருவர் எழுதுவார். ஒருவர் பணத்தை வாங்கித் தட்டிலோ பையிலோ இடுவார். எழுதுகிறவர் பணத்தைத் தொடுவதில்லை. பணம் வாங்குகிறவர் நோட்டைத் தொடுவதில்லை. கொடுத்தவர் பெயர், ஊர், தொகை ஆகியவற்றை உரக்கச் சொல்லியே எழுதுவர். இரவு பந்தி முடிந்ததும் நோட்டின் கூட்டலும் பையிலுள்ள பணமும் ஒத்துப் பார்க்கப்படும். மாப்பிள்ளையின் சொந்தத் தாய்மாமனே பணம் வாங்க உட்கார்ந்தாலும் பக்கத்தில் மற்றொருவர் எழுத உட்காருவார். அதை ஐயப்பாடு என்று எந்தத் தாய்மாமனும் கோபித்துக்கொண்டதில்லை.

இதே முறையை விவிலியத்திலும் காண்கிறோம். எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்க்கும் பணத்தைக் குருக்களே அவரவர்க்குத் தெரிந்தவர்களிடம் வாங்கிக்கொள்ளுமாறு அரசர் யோவாசு கட்டளையிட்டார். அவரது ஆட்சியின் இருபத்து மூன்றாம் ஆண்டு வந்தும் ஒரு விரிசல்கூடப் பூசப்படவில்லை! அதன்பின்னரே, மூடியில் துளையிட்ட பெட்டி ஒன்று பீடத்தருகே வைக்கப்பட்டது. பெட்டி நிறைந்ததும் அரசரின் எழுத்தரும் தலைமைக் குருவும் இருவருமாக வந்து எண்ணி, பையில் கட்டி, வேலையை மேற்பார்ப்பவரிடம் கொடுத்தனர். அரசர்கள் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரத்தில் இதைப் படிக்கலாம். அதே அதிகாரத்தில், வேலை பார்த்தோர் நேர்மையாக நடந்தமையால் அவர்களிடம் கணக்குக் கேட்கப்படவில்லை என்றும் ஒரு வரி வருகிறது. எங்களைப் போன்ற குருக்களுக்கு அந்த வரி மட்டும் நன்றாக நினைவிலிருக்கும்; பெட்டியும் துளையும் இரண்டு பேர் எண்ணியதும் மறந்துபோகும்.

எருசலேமின் ஏழைகளுக்கெனப் பவுலடியார் திரட்டிய பணத்தைக் கொண்டுபோக, தீத்துவோடு சபைகளால் நியமிக்கப்பட்ட மற்றொரு சகோதரரும் அனுப்பப்பட்டார். இத்தனை பெரிய தொகையைக் கையாளும்போது எவரும் தம்மைக் குறைகூற இடமிருத்தலாகாது என்பதே அதற்கு அவர் கூறும் காரணம். அப்போஸ்தலருக்கே வேண்டியிருந்த துணை மல்லாட்டைத் தரகருக்கு வேண்டாம் என்று நான் எண்ணியிருந்தேன்.

திருச்சபையின் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1267-ஆம் பிரிவின்படி, விசுவாசிகள் ஒரு குறிப்பிட்ட நோக்கத்திற்கெனக் கொடுத்ததை அந்நோக்கத்திற்கு மட்டுமே செலவிடலாம். அவர்கள் கொடுத்ததற்கு அவர்களுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது 1287-ஆம் பிரிவு. கழிப்பறைக்கென்று வந்த பணத்தில் மிஞ்சியதை எடுத்து, பள்ளி ஆண்டு விழாவிற்குப் பந்தல் போட்டால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று கேட்போர் உண்டு. பந்தல் நல்லதுதான். ஆனால் பணம் பந்தலுக்குக் கேட்கப்படவில்லை. மிஞ்சினால் கூட்டத்தைக் கூட்டி, "இவ்வளவு மிஞ்சியிருக்கிறது, என்ன செய்யலாம்?" என்று கொடுத்தவரையே கேட்பதில் நமக்கு ஒரு குறைவுமில்லை. தொகை போதாமல் வேலையே நடவாது போகுமாயின் திருப்பிக் கொடுப்பதா, காத்திருப்பதா என்பதையும் வசூலைத் தொடங்குமுன்னரே சொல்லிவிடுவது நன்று.

தேநீர்க் கடையில் ஒட்டிய கட்டம்

இக்காலத்தில் ரொக்கம் குறைந்து கைப்பேசி வழியாகப் பணம் அனுப்புவது பெருகிவிட்டது. அண்மையில் ஒரு தேநீர்க் கடையில் பள்ளி நிதிக்கென்று கியூஆர் கட்டம் ஒன்று ஒட்டியிருக்கக் கண்டேன். அந்தக் கட்டம் யாருடைய கணக்கிற்குப் போகிறது என்று கேட்டேன். பொருளாளரின் மகனுடைய கைப்பேசிக்கு! அந்தப் பையன் நல்லவன், அதில் ஐயமில்லை. ஆனால் அவன் கைப்பேசியில்தான் அவனுடைய ரீசார்ஜும், நண்பன் கொடுத்த கைமாற்றும், பள்ளிக் கூரையும் ஒன்றாகக் கிடக்கின்றன. ஆறு மாதம் கழித்து அவற்றைப் பிரித்தெடுக்க எவராலும் இயலாது. குழுவின் பெயரால் வங்கியில் கணக்குத் தொடங்கி, இருவர் கையொப்பமின்றிப் பணம் எடுக்க முடியாதபடி செய்துவிட்டு, அந்தக் கணக்கின் கட்டத்தை ஒட்டலாமே. கையொப்பமிடும் இருவரும் ஒரே குடும்பத்தவராக இருத்தலாகாது என்று சொல்லத் தேவையில்லை; எனினும் அப்படியும் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டுப் பணத்தில் நம் பகுதியினர் பெரும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளை, இந்தியக் குடிமகனாகவே இருந்து தன் சம்பாத்தியத்திலிருந்து அனுப்பினால் சிக்கலில்லை. புதுச்சேரியை ஒட்டிய நம் பங்குகளில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற உறவினர் பலருக்கும் உண்டு. அவர்கள் சொந்த ஊர்ப் பள்ளிக்கு அன்போடு அனுப்பும் நூறு யூரோவும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு நன்கொடைதான். பூர்வீகம் இந்தியா என்பதற்கான அட்டை வைத்திருந்தாலும் அப்படியே. 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெறாத பெற்றோர் குழு அதனை வாங்கலாகாது. பதிவு பெற்ற அமைப்பும், 2020-இல் வந்த திருத்தத்தின்படி, புதுதில்லியிலுள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் அதனை முதலில் பெற முடியும். அன்பைத் திருப்பி அனுப்புவது மனத்திற்குக் கடினமாகத்தான் இருக்கும். கடையிலிருந்து நேரே பள்ளிக்கு வந்திறங்கும் பொருளாகக் கொடுக்கிறேன் என்று அவர்கள் சொன்னாலும் அதுவும் அச்சட்டத்திற்குள் வரக்கூடும். கேட்டுத் தெரிந்துகொண்டு செய்க.

வருமான வரிச் சலுகைக்கென்று ரசீது கேட்கும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். அதற்கென வரித்துறையின் ஒப்புதல் பெற்ற அறக்கட்டளையோ சங்கமோதான் அத்தகைய ரசீது கொடுக்க முடியும். நம் பெற்றோர் குழுவின் ரசீது அதற்குதவாது. ஒப்புதல் பெற்ற அமைப்பிற்குக் கொடுத்தாலும், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. இல்லாததை உண்டென்று சொல்லி வாங்கிய பணம் அடுத்த ஆண்டு வாராது. பரிசுக் குலுக்கல் சீட்டைப் பற்றியும் ஒரு சொல்: தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிச் சீட்டு விற்பனை தடை செய்யப்பட்டிருக்கிறது. நற்காரியத்திற்கென்று சொல்லி விற்பதால் மட்டும் சீட்டு வேறாகிவிடாது. நம் திருவிழாக்களில் தேங்காயையும் சேவலையும் ஏலம் விட்டே ஆயிரக்கணக்கில் திரட்டும் திறமை நமக்கிருக்க, சீட்டு எதற்கு?

அரசுப் பள்ளிகளில் பெற்றோரே பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக்கள், 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தினால் ஏற்பட்டவை. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். பெண்கள் பாதிப்பேர் என்பது வெறும் அலங்காரமன்று. சுய உதவிக் குழுவில் வாரந்தோறும் ஐம்பதும் நூறுமாக எழுதிப் பழகிய கை, ஆண்களில் பலரைவிடச் சுத்தமாக நாள்வழி எழுதுவதை நான் கண்டிருக்கிறேன். அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவரும் நிறுவனங்களும் உதவுவதற்கென்று 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்னும் திட்டமும் தொடங்கப்பட்டது. நம் உதவிபெறும் பள்ளிகளுக்கு அது பொருந்தாது என்பதால் பலர் அதைக் கவனிக்கவில்லை. ஆயினும் இன்ன பள்ளிக்கு இன்ன பொருள் வேண்டும் என்று கேட்கும் முறை, கடம்பத்தூரின் பழைய முறையே.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வசூல் நடக்கும் நாள்களில், "உங்க வீட்டில் கொடுத்தாச்சா?" என்று வகுப்பறையில் பிள்ளைகளைக் கேட்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. செங்கற்சூளைக்குப் போய்விட்ட தாய்தந்தையரின் பிள்ளை, பாட்டியிடம் வளர்கிறவன், எழுந்து நின்று என்ன சொல்வான்? கட்டாய நன்கொடை சட்டப்படி குற்றம். அதனினும் பெரிது அந்தப் பிள்ளையின் முகம். தொகையின் வரிசைப்படி பெயரெழுதுவதும் இத்தகையதே. எங்கள் பலகையின் அடியில் பத்து ரூபாய் என்று எழுதப்பட்ட ஒரு விதவைத் தாய், பலகை இருந்தவரை அந்த வாயில் வழியாக வாராமல் சுற்றுவழியாகக் கோவிலுக்கு வந்தார் என்பதை நான் அறிந்தபோது, பலகையே போய்விட்டிருந்தது.

அடிக்கட்டைகள்

இனி விட்ட இடத்திற்கு வருகிறேன். கழிப்பறை எப்படியோ கட்டி முடிந்தது. எட்டு மாதம் சென்றபின், கிளை அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பள்ளிக் குழுவிற்கு வந்து சேர்ந்தார். அன்றன்றைய வரவை அன்றன்றே ஒத்துப் பார்த்து வாழ்நாளைக் கழித்தவர். பழைய ரசீதுப் புத்தகங்களைக் கேட்டு வாங்கினார். கரும்பலகையின் நகலை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன், அதையும் கேட்டார். இரண்டு மாலைகள் பள்ளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் அடிக்கட்டையாகப் புரட்டி, நோட்டில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார்.

"சாமி, ரசீது போடாத வரவு ரெண்டு இருக்குதே, பலகையில எப்படி ஏறிச்சு?" என்றார்.

ஒன்று 5,000 ரூபாய். தருவதாகச் சொன்ன குடும்பம் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டது; பணம் வரவேயில்லை. ஞாயிறு அறிவிப்பில் அவர்கள் பெயரை நானே வாசித்து, நானே பலகையிலும் எழுதினேன். மற்றொன்று 3,500 ரூபாய். அது பணமேயன்று; லாரி வைத்திருக்கும் ஒருவர் இறக்கிக் கொடுத்த ஒரு நடை எம்-சாண்ட். அதன் விலையை மதித்துப் பணத்தோடு பணமாக எழுதியதும் என் கையே. இரண்டும் சேர்ந்தால் 8,500. பொருளாளர் வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் அடிக்கட்டை இருந்தது. ஒரு தாள்கூடக் கிழியவில்லை. அந்த அடிக்கட்டைகளை அவர் கூட்டத்தன்றே என் முன்னால் கொண்டுவந்து வைத்திருந்தார். நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும், எந்த இடத்தில் நின்று பெயர்களை வாசித்தேனோ அந்த இடத்திலேயே நின்று இதைச் சொன்னேன். அவர் அன்று கோவிலில் இல்லை. மாலையில் அஞ்சலகப் பெரியவரோடு அவர் வீட்டிற்குப் போனேன். பணத்தை நீட்டியபோது, "செலவுச் சீட்டு எங்கே?" என்று கேட்டார். பெரியவர் எழுதிக் கொடுத்தார். அவர் ஒருமுறை வாசித்துக் கையொப்பமிட்டுவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தார். மகளைப் பற்றிக் கேட்டேன். அங்கேயே நன்றாகப் படிப்பதாகச் சொன்னார்கள். திரும்பி வருவது குறித்து அவர்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இவ்வாண்டு அப்பள்ளிப் பெற்றோர் சுற்றுச்சுவருக்கெனத் திரட்டத் தொடங்கியிருக்கின்றனர். நான் இப்போது அங்கில்லை. ஆயினும் நோட்டைக் காட்டினார்கள். வாக்களித்தவை, வந்த பணம், வந்த பொருள் என மூன்று தனித்தனிப் பக்கங்கள். எழுதுபவர் ஒருவர், வாங்குபவர் வேறொருவர். தரகர் குழுவில் சேரவில்லை. வந்த பொருள் பக்கத்தில் மூன்றாம் வரியில் அவர் பெயர் இருந்தது: மல்லாட்டை, இரண்டு மூட்டை. விலை எழுதும் கட்டத்தில் கோடு போட்டு, "விற்றபின் எழுதவும்" என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது.